அறாத கயிறு

கான்சாபுரத்து முத்துராமலிங்கத்துக்குப் பெண்மக்கள் மூன்று பேர். மூத்தவளைத் தளவாய்புரத்தில் கொடுத்தார். நடுவுள்ளவள் ஆலங்குளத்துக்கு, சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவனுக்கு வாக்கப்பட்டுப் போனாள். கடைசிப் பெண் பாண்டிசெல்விக்கு ராஜபாளையத்து விஜயபாண்டி வாய்த்தான். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ, தலைக்கு மேல் ஓட்டு வீடு, தாயில்லாப் பிள்ளை. மாமியார் தொல்லை இல்லை என்று அக்காமார் இரண்டு பேரும் கேலி பேசினார்கள். மாமியார்தான் இல்லையே தவிர, மாமியாருக்கு அக்காள் ஒருத்தி இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் சந்துக்குள் வீடு. பிச்சையம்மாள் என்று பேர். பிள்ளைகளுக்குப் பயந்த கோளாறு, கண்ணேறு என்றால் வேப்பிலையால் தடவி, திருநீறு போட்டு, கயிறு மந்திரித்துக் கட்டுவாள். விஜயபாண்டிக்கு அவள் பெரியம்மா. பாண்டிசெல்விக்கு அத்தை.

கல்யாணமான மறுமாதமே பாண்டிசெல்வி மில்லுக்குப் போனாள். ஸ்பின்னிங் ஹாலில் மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மெஷினிலும் நூல்கள் மழைத்தாரை மாதிரி இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற நூல் அறும். அறுந்த இடத்தைப் பார்த்ததும் ஓடிப்போய், முனையைத் தேடிப் பிடித்து ஒட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பஞ்சுத் தூசிக்குள், ஓட்டம் நிற்காத மெஷினில், தலைமயிரைவிடச் சன்னமான நூலின் முனையைக் கண்டுபிடிக்கக் கையில் தனியாக ஒரு கண் வேண்டும். அது அவளுக்கு இருந்தது. நூலின் முறுக்கைப் பெருவிரலில் தடவியே, இது எந்த மெஷினில் ஓடியது, முறுக்கு கூடுதலா குறைச்சலா என்று சொல்லிவிடுவாள்.

"அவ பக்கம் நூலு அறுந்தா அதுக்கே வெக்கமாயிருக்கும்லே" என்பார் சூப்பர்வைசர்.

மூத்த பிள்ளை வினோத். கைக்குழந்தையில் பிச்சையம்மாள் மந்திரித்துக் கொடுத்த கறுப்புக் கயிறு அவன் கழுத்தில் கிடந்தது. சாதாரணப் பருத்திக் கயிறு. ஒன்றாம் வகுப்புப் படிக்கையில், ஐப்பசி மாதத்து ஒரு காலையில், அது அறுந்து தலையணைமேல் கிடந்தது. பாண்டிசெல்வி பார்க்கத்தான் செய்தாள். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. அவளுக்கும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கயிற்றை எடுத்து அலமாரித் தட்டில் வைத்தாள். சாயங்காலம் வந்து ஒட்டிப் போடலாம் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் வேனிலிருந்து முக்கில் இறங்கின பிள்ளைகள் மூன்று பேர், கண்மாய்க்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். கோடையில் மண் அள்ளிய பள்ளங்கள் உள்ளே கிடந்தன. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் தெரியும். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, உறமுறை எல்லாம் எழுந்து போன பிறகு, பிச்சையம்மாள் அலமாரித் தட்டில் கிடந்த கயிற்றைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, ஊரான் நூலு எம்புட்ட ஒட்டுத. ஒம் பிள்ள கழுத்து நூல ஒட்ட ஒனக்குக் கை வரலையாக்கும்?"

அவள் துக்கத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு அழவும் செய்தாள். ஆனால் கேட்ட சொல் போய் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மில்லுக்குள் போனால் காது கேட்காது. கை ஜாடையிலும் வாயசைப்பிலும்தான் பேச்சு நடக்கும். அந்த இரைச்சலுக்குள் பாண்டிசெல்விக்கு மட்டும் 'அம்மா' என்று கேட்டது. தொண்டை கிழியக் கத்துகிற குரலாக இல்லை. சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கூப்பிடுகிற குரல். முதலில் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். குரல் நிற்கவில்லை.

வருஷம் இரண்டு கழித்து விமல் பிறந்தான். பிள்ளையைப் பார்க்க வந்த பிச்சையம்மாள் அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தனியாப் போன பிள்ள அது. தொணைக்கு ஆள் தேடும். தம்பிக்காரன கூப்புடாம விடாது. நான் தாயத்து மந்திரிச்சுத் தாரேன். கழுத்துலதான் கெடக்கணும், நெஞ்சுக்கு மேல. அறவே கூடாது. அறுந்துச்சுன்னா அன்னைக்குத்தான்."

அறவே கூடாது என்ற அந்தச் சொல்லைப் பாண்டிசெல்வி தன் தொழில் தெரிந்த கையால் எடுத்துக்கொண்டாள். பருத்தி அறும் என்று அவளுக்குத் தெரியாதா? நாளெல்லாம் அதைத்தானே பார்க்கிறாள். சாக்குத் தைக்கிற பாலியஸ்டர் நூலை வாங்கி வந்து, பல இழைகளாக ஏற்றி, மூன்று புரியாக்கி, புரிக்குப் புரி இடமுறுக்காக முறுக்கி, மெழுகு தேய்த்தாள். கடையில் விற்கிற கயிறெல்லாம் வலமுறுக்கு. அவள் கைக்கு இடப்பக்கம்தான் இறுக்கம் கிடைத்தது. முடித்து, கதவுக் கொண்டியில் மாட்டி, நிறை குடத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். அறவில்லை. இரண்டு குடத்தைக் கட்டினாள். கொண்டிதான் ஆடியது.

"இதுல என் ஆட்டோவக் கட்டி இழுக்கலாம் போலிருக்கே" என்றான் விஜயபாண்டி.

"இழுக்கலாம்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

அந்தக் கயிறு விமல் கழுத்தில் ஏறியது. குளிப்பாட்டினாலும் கழற்றுவதில்லை. கழுத்து வளர வளர, முடிச்சை அவிழ்க்காமலே நீட்டிக்கொள்கிற மாதிரி ஆரம்பத்திலேயே நீளம் விட்டிருந்தாள். நெஞ்சுக்குழி வரை தாயத்துத் தொங்கும்.

வினோத்தின் போட்டோவைத் தளவாய்புரத்து அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. பேச்சு வந்த நாளிலிருந்தே விமல் அண்ணன் அண்ணன் என்றான். முறுக்குக் கொடுத்தால் பாதியை ஒடித்துப் பக்கத்தில் வைப்பான். பாயில் படுத்தால் சுவரோரம் ஒரு ஆள் இடம் விட்டுப் படுப்பான். அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று விஜயபாண்டி சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிடும்போது பிள்ளை சொன்னான்:

"அண்ணனுக்கு முன்னால பல்லு இல்லம்மா. அவன் எப்படித் தேய்ப்பான்?"

வினோத்துக்கு முன்பல் விழுந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை, கண்மாய்க்குப் போகும்போது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்தது அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். பாண்டிசெல்வி பிரஷ்ஷைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, கயிறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாலு வயது முடிந்து, ஜூன் மாதம் அவனை எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள். பஞ்சுப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வகுப்புத் தொடங்கும் முன் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார் ஜயலக்ஷ்மி டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். கோயில் கைங்கரியக் குடும்பம். மெல்லிய குரல்தான். ஆனால் பின்வரிசைவரை கேட்கும்.

"வீசிங் இருக்கா, வலிப்பு வந்திருக்கா, எந்த மருந்து ஒத்துக்காது, எதைச் சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிக்கும், எல்லாத்தையும் எங்ககிட்ட சொல்லிடுங்கோ. பொண் கொழந்தையாச்சே, வெளில தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் தட்டிப்போகுமேன்னு மறைக்காதீங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்காரா வந்து கேட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா ஆபத்துன்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பெண்கள் சிரித்தார்கள்.

"காய்ச்சல் அடிக்கிற கொழந்தைக்கு மாத்திரையைக் குடுத்து, சூடு இறங்கின கையோட வேன்ல ஏத்தி அனுப்பாதீங்கோ. மத்தியானம் மறுபடி ஏறும். நீங்க மில்லுல இருப்பேள், போன் எடுக்க மாட்டேள். கர்ச்சீப்பைச் சட்டையில ஊக்குக் குத்தி விடாதீங்கோ. வேனை விட்டு இறங்கினா யார் கையில ஒப்படைக்கணும்னு பேர் சொல்லுங்கோ, அவா வரலேன்னா கொழந்தை எறங்காது. கழுத்துல செயின், பாசி, கயிறு எதுவும் வேண்டாம். சறுக்குல மாட்டும், ஊஞ்சல்ல மாட்டும்."

"அரணாக்கயிறையுமா டீச்சர் அறுக்கணும்?" என்று ஒரு தகப்பன் எழுந்தான்.

"அது டவுசருக்குள்ள இருந்துட்டுப் போகட்டும், உக்காருங்கோ."

எல்லோரும் கலைந்த பிறகு பாண்டிசெல்வி போய் டீச்சர் மேஜைமுன் நின்றாள்.

"மத்தது எல்லாம் நீங்க சொன்னபடி செய்யுதேன் டீச்சர். இந்தக் கயிறு மட்டும் முடியாது."

"ஏம்மா? என் கையிலயும்தான் கயிறு கட்டியிருக்கேன், பாரு. கயிறே வேண்டாம்னா சொன்னேன்? கழுத்துல வேண்டாம். கையில கட்டு, இல்லே இடுப்புல கட்டு."

"கையில கட்டுனா நிக்காதாம். கழுத்துலதான் கெடக்கணும்னு எங்க அத்தை சொல்லியிருக்காவ."

"என்ன நிக்காது?"

பிள்ளை, டீச்சர் மேஜை ஓரத்தில் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாண்டிசெல்வி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தானை நுனியை வாயில் கடித்திருந்தாள். ஜயலக்ஷ்மி டீச்சருக்கு என்ன விளங்கியதோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சட்டைக்குள்ள போட்டு, மேல் பட்டன் வரைக்கும் போட்டு அனுப்பு. ஆயாகிட்ட சொல்லி வைக்கறேன்."

மனசு இளகிச் சொன்ன சொல்தான்.

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்கிற ஆயா பேர் ஜெபா. வாய் கொஞ்சம் நீளம். கை சுத்தம். இரண்டாம் நாள் காலையிலேயே பட்டனைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது, பிள்ள கழுத்துல கெடாய்க்குக் கட்டுத கயித்தக் கட்டி விட்டிருக்கிய? ஓடிப் போயிருவானா?"

"கெடக்கட்டும் ஜெபா."

"கெடக்கட்டும்னு நீங்க சொல்லுதிய. நேத்து சீட்டுக் கம்பியில மாட்டிக்கிட்டு இவன் எந்திரிக்க முடியாம முழிச்சான். நாந்தான் எடுத்துவிட்டேன். எங்க சர்ச்சுலயும்தான் பிள்ளைகளுக்கு ஜெபம் பண்ணி அனுப்புதாவ. கயிறாக் கட்டுதாவ?"

பாண்டிசெல்வி பட்டனைப் போட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் ஆகியிருக்கும். மலைப்பக்கமிருந்து காற்று அடிக்கிற பருவம். சாயங்காலம் பிள்ளையைக் கையில் ஒப்படைத்துவிட்டும் ஜெபா வேனில் ஏறாமல் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இவனுக்கு அண்ணன் எவனும் உண்டா?"

"ஏன் கேக்க?"

"இன்னைக்கு எல்லாப் பிள்ளையையும் ஏத்திட்டுக் கதவ இழுக்கேன். இவன் கையப் புடிச்சுக்கிட்டு, 'ஆயா, சாத்தாத, அண்ணன் வாரான்'ங்கான். எவம்லே அண்ணன்னேன். 'சறுக்கு மேல உக்காந்திருந்தான், எறங்கி வாரான்'ங்கான். திரும்பிப் பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. பள்ளிக்கூடமே காலி."

"பொறவு?"

ஜெபா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பொறவு என்ன. செத்த நேரம் கதவத் தொறந்துதான் வச்சிருந்தேன். பேய் பிசாசுல எனக்கு நம்பிக்க கெடையாது. ஆனா பிள்ள கேட்ட மொகத்தப் பாத்தா சாத்த மனசு வரல."

பாண்டிசெல்வி அவளிடம் வினோத்தைப் பற்றிச் சொன்னாள். நடுத்தெருவில் நின்றபடியே, அவசர அவசரமாக. டிரைவர் ஹாரன் அடித்தும் ஜெபா நகரவில்லை.

அந்த வாரத்து லீவு நாளில் பாண்டிசெல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். பிச்சையம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். சறுக்குமேல் உட்கார்ந்திருந்தான் என்றதும் அவள் முகம் மாறிப்போனது.

"வந்துட்டான். பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துட்டான்னா கயித்துல வலு காணலன்னு அர்த்தம். இன்னொண்ணு மந்திரிச்சுத் தாரேன். ரெண்டையும் சேத்து முறுக்கு."

வீட்டுக்கு வந்து பாண்டிசெல்வி சேர்த்து முறுக்கினாள். இப்போது கயிறு சுண்டுவிரல் பருமன் ஆனது. சட்டைக் காலருக்குள் அடங்கவில்லை. கழுத்து அரிக்கிறது என்று பிள்ளை சொறிந்தான். மேல் பட்டனைப் பூட்ட முடியவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மில்லில் ஏதோ கரண்ட் கோளாறு, பெண்களைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். இன்றைக்குப் பிள்ளையை நாமே கூட்டிக்கொண்டு போவோம், சந்தோஷப்படுவான் என்று பாண்டிசெல்வி நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். கம்பிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அழகுராஜா சாவியோடு பின்கட்டுக்குப் போயிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

விமல் சறுக்கின் ஏணியில் ஏறினான். மேலே போய், உட்காருவதற்கு முன் கொஞ்சம் ஒதுங்கினான். பாயில் படுக்கையில் ஒதுங்குகிற மாதிரியே. பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டான். காற்று அடித்துச் சட்டை உப்பியது. ஒதுங்கின பக்கம் கைப்பிடிக் கம்பி வளைந்து முடிகிற நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை உட்கார்ந்தான். யாரிடமோ என்னமோ சொல்லிச் சிரித்துவிட்டுக் கையை விட்டான்.

பாதித் தூரம்கூட இறங்கவில்லை. அப்படியே நின்றுவிட்டான். தலை மேலே பார்த்து நிமிர்ந்திருந்தது. கால் இரண்டும் தகரத்தில் வழுக்கி வழுக்கி உதைத்தன. கயிறு கம்பி நுனியில் விறைத்து நின்றது.

அறு, அறு என்று அவள் வாய் சொன்னதா மனசு சொன்னதா, அவளுக்குத் தெரியாது. வாழ்நாளில் ஒரு நூலைப் பார்த்து அவள் அப்படிக் கேட்டதில்லை. அவள் முறுக்கின கயிறு. இரண்டு குடம் தாங்கின கயிறு. அதற்கு அறத் தெரியாது.

ஜெபாதான் ஓடினாள். ஏணிப் பக்கம் போகவில்லை. நேரே சறுக்கிலேயே குப்புற விழுந்து ஏறி, பிள்ளையின் குண்டியைத் தோளால் முட்டித் தூக்கினாள். கனம் அவள் தோளுக்கு ஏறியதும் கயிறு தொய்ந்தது. ஒரு கையால் அதைக் கம்பியிலிருந்து வழித்துவிட்டாள். இரண்டு பேரும் உருண்டு மணலில் விழுந்தார்கள். அழகுராஜா வந்து கதவைத் திறந்தபோது பாண்டிசெல்வி கம்பியை விடவில்லை. கதவோடு சேர்ந்து அவளும் உள்ளே வந்தாள்.

பிள்ளைக்கு இருமல் வந்தது, அழுகை வந்தது. அழுகைச் சத்தம் கரகரவென்று வேறு யாருடையதோ போல இருந்தது. ஜயலக்ஷ்மி டீச்சரே ஆட்டோவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார்.

"பொழைச்சுக்கிட்டான். இருந்தாலும் வீங்குதான்னு பாக்கணும், இங்கேயே இருக்கட்டும். முதல்ல இந்தக் கயித்தை எடுங்க."

நர்ஸ் கத்தரியோடு வந்தாள். பாண்டிசெல்வி கயிற்றையும் தாயத்தையும் சேர்த்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். சேதி கேட்டு ஓடி வந்திருந்த விஜயபாண்டியை நர்ஸ் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"நான்தான் கண்டிப்பா நின்னிருக்கணும்" என்றார் ஜயலக்ஷ்மி டீச்சர். "பட்டனைப் போட்டு அனுப்புன்னு சொன்னேனே, பாவி."

சேதி எட்டி, பிச்சையம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். மடியில் திருநீற்றுப் பொட்டலம். பிள்ளை முகத்தில் ஊதிவிட்டு, கட்டிலோரம் குனிந்தாள்.

"என்னய்யா நடந்துச்சு? ஆச்சிட்டச் சொல்லு."

பிள்ளை கரகரத்த தொண்டையால் சொன்னான்: "அண்ணன் இழுத்தான்."

பிச்சையம்மாள் நிமிர்ந்தாள்.

"கேட்டியாட்டி? நான் சொன்னேனா இல்லையா? இழுத்துட்டான். இந்தக் கயிறு இல்லாட்டா கொண்டே போயிருப்பான். உசுரப் புடிச்சு நிறுத்துனது இதுதான். கழத்திராத, சொல்லிட்டேன்."

"ஆச்சி, நிறுத்துனது நான்" என்றாள் ஜெபா, வாசலில் நின்றபடி. அவள் முழங்கையில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. "இழுத்தது கயிறு. கண்ணால பாத்தவ சொல்லுதேன்."

"ஒனக்கு என்னட்டி தெரியும்? வேதக்காரி. எங்க வீட்டுப் பிள்ள போனது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவனுக்காக வேன் கதவைத் தொறந்து வச்சவ நான்."

எல்லோரும் பாண்டிசெல்வியைப் பார்த்தார்கள். அவள் இவர்கள் பேசியது எதையும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. பிள்ளை கழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு தடம், காதுக்குப் பின்னால் வரை ஏறிப் போயிருந்தது. தடத்துக்குள்ளே சாய்ந்த சாய்ந்த கோடுகள். புரி பதிந்த கோடுகள். அவள் பெருவிரலை மெல்ல வைத்தாள். மில்லில் நூலைத் தடவுவதைப் போல ஒருதடவை தடவினாள்.

இடமுறுக்கு.

ராஜபாளையம் பூராவும் தேடினாலும் அந்த முறுக்குக்கு வேறு கை கிடையாது. புரி எங்கே இறுகியிருக்கிறது, கடைசியாகச் சேர்த்த கயிறு எங்கே கொஞ்சம் தூக்கி நிற்கிறது, எல்லாம் பிள்ளையின் தோலில் அப்படி அப்படியே இருந்தது. வினோத்தின் கை அதில் எங்கேயும் இல்லை. ஆறு வயசுப் பிள்ளையின் கை அவளுக்குத் தெரியாதா. எத்தனை தடவை பிடித்து ரோட்டைக் கடந்திருக்கிறாள்.

"அவன் இழுக்கல" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"அவன் இழுக்கல, அத்தை. பாவம், அவன் மேல போடாதிய. இது நான் முறுக்குனது."

கையை விரித்தாள். தாயத்து உள்ளங்கையில் குத்திக் குழி விழுந்திருந்தது. நர்ஸ் கையிலிருந்த கத்தரியை வாங்கினாள். பிச்சையம்மாள், "அறுக்காதட்டி, அறுத்தா அன்னைக்குத்தான்" என்று அவள் முழங்கையைப் பிடித்தாள். பாண்டிசெல்வி உதறவில்லை. கிழவி பிடித்த கையோடேயே அறுத்தாள். கத்தரி எளிதில் உள்ளே போகவில்லை. ஒவ்வொரு புரியாகக் கடித்து அறுக்க வேண்டியிருந்தது. அறுக்கிற நேரம் முழுவதும் பிள்ளை மூச்சு விடுகிறானா என்று அவள் கண் அவன் நெஞ்சிலேயே இருந்தது. கடைசிப் புரி விட்டபோது பிச்சையம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். விஜயபாண்டி கதவுப் பக்கம் பார்த்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை கழுத்தைச் சொறிந்தான்.

அந்தச் சாயங்காலமும் மறுநாளும் அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. வீக்கம் வடிந்தது. தொண்டை சரியாக ஒரு வாரம் ஆனது. பள்ளிக்கூடத்தில் கம்பி நுனியை வெல்டிங் வைத்து மழுக்கினார்கள். அடுத்த திங்கட்கிழமை வெறுங்கழுத்தோடு அவனை வேனில் ஏற்றிவிட்டு, வேன் முக்கில் திரும்பும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பிச்சையம்மாள் நெடுநாள் பேசவில்லை. பொங்கலுக்கு வந்தபோது பிள்ளையின் கழுத்தைப் பார்த்தாள், திருநீறு மட்டும் பூசினாள், போய்விட்டாள்.

மறு ஜூனில் மறுபடியும் பெற்றோர் கூட்டம். ஜயலக்ஷ்மி டீச்சர், "நீ ரெண்டு வார்த்தை பேசேன்" என்று கேட்டார். "எனக்குப் பேசத் தெரியாது டீச்சர்" என்று பாண்டிசெல்வி பின்வரிசைக்குப் போய்விட்டாள். அங்கே சேத்தூர்ப் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்த மகாலட்சுமி என்ற பெண், மூன்றரை வயசு மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கழுத்தில் சிவப்புக் கயிறு. டீச்சர் கயிறு என்று சொன்னதும் அவள் மகளின் சட்டைக் காலரை இழுத்து மூடினாள். ஊரில் சொன்னதை எல்லாம் அவளும் கேள்விப்பட்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் ரகசியமாக. "நீங்கதான அந்தக் கயித்தை அறுத்தவிய? அறுத்த பொறவு ஒங்க பெரியவன் வாரது நின்னுட்டா?"

பாண்டிசெல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாரான்."

மகாலட்சுமி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "வாரானா? பயமா இல்லையா ஒங்களுக்கு?"

"இருக்கு. இன்னைக்குக் காலையில சின்னவன் தோசையில பாதிய ஒதுக்கி வச்சான். அத எடுக்கவும் எனக்குக் கை வரல, வச்சிருக்கவும் முடியல. அவன் வீடு அது. அவன் எங்க போவான், சொல்லு. பயம் எனக்கு இருக்கு, நான் வச்சிக்கிடுதேன். பிள்ள கழுத்துல மாட்டி விடக் கூடாதுல்ல."

முன்னால் டீச்சர் மருந்துப் பேச்சுக்குப் போய்விட்டிருந்தார். மகாலட்சுமி காலரை விட்டாள். கயிற்றைத் தொட்டாள். விரல் கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போய்வந்தது.

"முடிச்சு எங்கன்னே தெரியலக்கா. ஒங்க கைக்குச் சட்டுன்னு தெரியுமே. செத்த அவுத்துத் தாங்களேன்."

பாண்டிசெல்வி இரண்டு கையையும் மடியிலேயே வைத்திருந்தாள்.

"நீதான் தேடணும்" என்றாள். "மெதுவாத் தேடு. நான் இங்கதான் இருக்கேன்."